மயில்கழுத்துக் கலர் கரண்டி ஸ்டாண்ட்

எங்கள் தெருவில் எதையாவது தூக்கிப்போட வேண்டுமென்றால், லோகநாயகி வாசலில் நிற்கிறாளா என்று முதலில் எட்டிப் பார்த்துவிட வேண்டும். நின்றால் தொலைந்தோம். "அத இன்னாத்துக்குப் போடுற? குடு இங்க" என்று கையிலிருந்தே பிடுங்கிக்கொள்வாள். காலி ஷாம்பு டப்பா, கல்யாணப் பத்திரிகை, ஐஸ் குச்சி, நைந்துபோன பட்டுப்புடவையின் பார்டர் என்று அவளுக்கு ஆகாத பொருளே கிடையாது. நான் அதே தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். நான் வெட்டித் தள்ளுகிற துணியில் பாதி அவள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. ஒருமுறை என் மெஷினின் பெல்ட் அறுந்துபோனது. அதையும் கேட்டாள். "என்னையும் ஒருநாள் வெளிய போட்டுடுவாங்க, அப்ப வந்து எடுத்துக்கோ" என்றேன். "உன்ன வச்சி ஒண்ணும் செய்ய முடியாதுக்கா" என்றாள். வாயில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. போன வருஷம் வரைக்கும் அப்படித்தான் இருந்தாள்.

கடலூர் வண்டிப்பாளையத்தில் எதிரெதிர் வீடு எங்களுக்கு. லோகநாயகி இந்த ஊர்ப் பெண். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். அவளைக் கட்டிய கொளஞ்சியப்பன் அண்ணாகிராமம் பக்கத்து ஆள். முந்திரியும் பலாவும் இருக்கிற குடும்பம்தான். அண்ணன் தம்பிகள் ஜாஸ்தி என்பதால் இவர் பங்குக்கு மரத்து நிழல்தான் மிஞ்சியது என்று லோகநாயகி சொல்லிச் சிரிப்பாள். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சீசனில் பண்ருட்டிப் பலாப்பழம், மற்ற நாளில் யார் வீடு மாற்றினாலும் அவர்கள் சாமான். பேச்சு அவருக்குக் காசு கொடுத்து வாங்குகிற பொருள் மாதிரி. நாம் ஒரு கதை முழுக்கச் சொன்னால் கடைசியில் "சரி" என்பார். கட்டிடம் கட்டுகிற இடங்களில் மிச்சம் விழுகிற பிளாஸ்டிக் பைப் துண்டுகளைப் பெண்டாட்டிக்காகப் பொறுக்கி வருவார். மல்லிகைப்பூ வாங்கி வந்து நான் பார்த்ததில்லை. பைப் துண்டு தவறாது.

அந்தப் பைப்பில்தான் லோகநாயகி கரண்டி ஸ்டாண்ட் செய்வாள். ஆரம்பித்து வைத்தது அவள் மகள் வெண்மதி. பள்ளிக்கூடத்தில் வேண்டாத பொருளில் ஏதாவது செய்து எடுத்து வரச் சொன்னார்கள் என்று ராத்திரி படுக்கப் போகும்போது சொன்ன பெண் அவள். காலையில் பால் பவுடர் டின்னில் கயிறு சுற்றி, பத்திரிகையிலிருந்த பிள்ளையாரை வெட்டி ஒட்டி, இரண்டு கரண்டியும் செருகிக் கொடுத்தனுப்பினாள் அம்மா. டீச்சர் அதைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். கரண்டியோடு. கரண்டி போனதற்கு இவள் ஒரு வாரம் திட்டினாள், ஆனால் முகமெல்லாம் பெருமை. அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம், தெருவில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் லோகநாயகி கையால் ஒரு கரண்டி ஸ்டாண்ட் போகும். அதைச் சமையல் மேடையில் வைத்திருக்கிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய.

டின்னை அவள் சீக்கிரமே விட்டுவிட்டாள். எங்கள் ஊர்க் காற்றில் உப்பு. டின் ஒரு மழைக்காலத்துக்குள் துருவேறிச் சுற்றிய கயிறெல்லாம் சிவந்துவிடும். பிளாஸ்டிக் பைப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. ரம்பத்தால் குட்டை, நடுத்தரம், உயரம் என்று மூன்று துண்டு அறுப்பாள். குட்டையில் ஸ்பூன், நடுவில் தோசைத் திருப்பி, உயரத்தில் குழம்புக் கரண்டியும் ஜல்லிக் கரண்டியும். மூன்றையும் சேர்த்து ஒரு பழைய டப்பா மூடிமேல் ஒட்டுவாள். ஆணியைக் காய்ச்சி அந்த மூடியில் ஓட்டை போடுவாள். அடியில் கூல்டிரிங்ஸ் பாட்டில் மூடிகளைக் காலாக வைப்பாள். "கரண்டி ஈரத்தோடதான் வந்து நிக்கும். தண்ணி எறங்கலன்னா நாறிப்பூடும்" என்பாள். இவ்வளவும் வேலை. அலங்காரம் அதற்குப் பிறகுதான்.

அலங்காரத்தில் அவளுக்குப் பிடித்தது கண்ணாடி வளையல். வளைகாப்பு வீடுகளில் வந்தவர்களுக்கெல்லாம் வளையல் தருவார்கள் இல்லையா, அளவு சரியில்லாமல் பாதிப் பேர் வீட்டில் சும்மா கிடக்கும். அதெல்லாம் அவளிடம் வந்து சேரும். பைப்பின் பருமனுக்கு வளையல் கச்சிதமாகப் பொருந்தும். ஒவ்வொன்றாக நுழைத்து, பசைத் துப்பாக்கியால் சூடான பசை ஒரு சொட்டு வைத்து, கீழிருந்து மேலாக அடுக்கிக்கொண்டே வருவாள். முடிந்ததும் தூரத்திலிருந்து பார்த்தால் முழங்கை வரை வளையல் போட்ட கை நிற்கிற மாதிரி இருக்கும். அழகுதான். நான் இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஆனால் எல்லா வீட்டு வளையலும் எடுக்கமாட்டாள். என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு என் வளையல் டப்பா அப்படியே கிடந்தது. அதைக் கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வாணாம்க்கா. தப்பா நெனைக்காத. இது அடுத்தவங்க அடுப்பாண்ட போய் நிக்கிற பொருளு" என்றாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. என் கையில் இருந்தவரைக்கும் நல்ல வளையல், இப்போது ஆகாத வளையலா? ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. அப்புறம் அவளே ஒரு கிண்ணத்தில் நண்டுக் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். குழம்பு நன்றாக இருந்ததால் பேசிவிட்டேன்.

வெண்மதி பி.எட். முடித்துத் தனியார் பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போனாள். சிதம்பரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற எழிலனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எழிலனுக்குச் சொந்த ஊர் கிள்ளை. சாது, சிரித்த முகம். மாமியாரை "அத்த, அத்த" என்று சுற்றி வருவான். ஒரு பேச்சு வந்தால் லோகநாயகியையே வாயடைக்க வைப்பாள் வெண்மதி. தாயும் மகளும் போனில் பேச ஆரம்பித்தால் எதிர்வீட்டில் எனக்குக் கேட்கும். சண்டை மாதிரி இருக்கும், ஆனால் என்ன குழம்பு வைத்தாய் என்பதைத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

வெண்மதி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கு லோகநாயகி தெருவுக்கே கேசரி கொடுத்தாள். ஏழாம் மாதம் சிதம்பரத்தில் வளைகாப்பு. நானும் போயிருந்தேன். முதலில் வேப்பங்குச்சியை வளைத்துக் காப்புப் போட்டார்கள், அப்புறம் சிவப்பு, பச்சை என்று கை நிறைய அடுக்கினார்கள். எழிலன் தன் பங்குக்குக் கீழவீதியில் போய் வளையல் வாங்கி வந்திருந்தான். மயில்கழுத்துக் கலர். பார்த்ததும் அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வளகாப்புக்கு எவன்டா இந்தக் கலரு வாங்குவான்?" என்றாள். கூட்டமே சிரித்தது. வெண்மதி மட்டும் "அவுரு வாங்கிக்கினு வந்தத போடுங்க, அதுதான் மேல வரணும்" என்று கையை நீட்டினாள். போட்டுவிட்டதும் கையை வயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குலுக்கினாள். உள்ளே இருக்கிற பிள்ளைக்குத் தாயின் வளையல் சத்தம் கேட்கும் என்பதற்குத்தானே வளைகாப்பே. "கேக்குதாடி உனக்கு?" என்றாள். பெண் பிள்ளை என்று அவளே முடிவு செய்துவைத்திருந்தாள்.

மறுநாள் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு காலையில் வெண்மதி என் கடைக்கு வந்து நின்றாள். "அத்த, நேத்துலேருந்து அசையவே மாட்டேங்குது" என்றாள். கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். கொளஞ்சியப்பன் லோடு ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். துடிப்பு நின்றுவிட்டது என்றார் டாக்டரம்மா. யார் மேலும் தப்பில்லை, சில நேரம் இப்படி ஆகிவிடுகிறது என்றார். அப்படி ஆன பிறகும் பெற்றுத்தான் ஆக வேண்டும். வலி வருவதற்கு மருந்து ஏற்றி, பகல் முழுக்க அந்தப் பெண் கத்தியது இன்னமும் என் காதில் இருக்கிறது. பெண் குழந்தைதான்.

நான் வீட்டுக்குப் போய்ப் பிளாஸ்கில் காபி கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கொளஞ்சியப்பன் ஒரு பூப்போட்ட துண்டில் சுற்றிய பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார். அடக்கம் பண்ண ஆற்றங்கரைக்கு. வெண்மதிக்குக் காட்டவில்லை. மயக்கம் தெளிந்து அவள் கேட்டிருக்கிறாள், லோகநாயகிதான் கூடாது என்று சொல்லிவிட்டாள். "பாத்தா அது மனசுல ஒக்காந்துக்கும்டி. நான் உன் நல்லதுக்குச் சொல்றேன்" என்றாளாம். வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் நல்ல காரியம் பண்ணினாய் என்றார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான். இறந்து பிறந்த பிள்ளையைப் பெற்றவளுக்குக் காட்டமாட்டார்கள். காட்டாவிட்டால் மறந்துவிடுவாள் என்று யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களை என் கையில் கொடுத்தால் கேட்பேன்.

வெண்மதி கையிலிருந்த வளையலைப் பிரசவம் பார்த்த ஆயாவுக்குத் தருவது வழக்கம். அந்த அம்மா ஒரு கவரில் போட்டு லோகநாயகியிடமே நீட்டினாள். "எனக்கு இது வாணாம்மா. பெத்து எடுத்துக்கினு போறப்ப குடுப்பாங்க, சந்தோஷமா வாங்கிப்பேன்" என்றாள். ஆற்றில் விட்டுவிடு என்றார்கள் பெரியவர்கள். விட்டுவிட்டேன் என்று லோகநாயகி சொன்னாள். நானும் நம்பினேன்.

உடம்பு தேறியதும் வெண்மதி சிதம்பரத்துக்குப் போய்விட்டாள். போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அம்மாவிடம் கேட்டாள். நான் அங்கே உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தேன். "பாப்பா எப்டிம்மா இருந்துச்சு?" என்றாள். லோகநாயகி அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "அதெல்லாம் இப்ப எதுக்கு? ஆகவேண்டியதப் பாரு" என்றாள். வெண்மதி அதற்கு மேல் கேட்கவில்லை. அதற்கு மேல் எதுவுமே கேட்கவில்லை. போன் பண்ணினால் "ம்" என்பாள். சாப்பிட்டியா, ம். மாப்பிள்ள எப்டி இருக்காரு, ம். தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கு எழிலன் மட்டும் வந்து கரும்பு வைத்துவிட்டுப் போனான். ஒருமுறை இவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து என் கடையில் உட்கார்ந்து சொன்னாள். "எம்மூஞ்சியவே பாக்க மாட்டேன்றாக்கா. சொவத்தப் பாத்துகினு சோறு போடுறா" என்றாள். எங்கள் தெருவையே வாயால் ஆண்டவளுக்கு அன்றைக்குக் குரலே எழும்பவில்லை. மகள் ஒருதரம் பழையபடி தன்னிடம் பேசிவிட மாட்டாளா என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பு இல்லாமல் போய்விட்டது.

இந்த வருஷம் எழிலன் கிள்ளை போகிற சாலையில் ஒரு வீடு பார்த்துத் தனிக்குடித்தனம் வைத்தான். மாமியார் வீட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் விசேஷம் உண்டா என்று கேட்கிறார்கள், அதிலிருந்து வெண்மதியை வெளியே கொண்டுவர வேண்டும் என்று அவனுக்கு. நல்ல பையன். பால் காய்ச்சுகிற நாளுக்குப் பெண் வீட்டிலிருந்து சாமான் போக வேண்டுமே. மாமியார் வீட்டிலிருந்த வெண்மதியின் சாமானைப் புது வீட்டில் இறக்க ஒரு வாரம் முன்பே கொளஞ்சியப்பன் ஒருநாள் சிதம்பரம் போய் வந்தார். லோகநாயகி கரண்டி ஸ்டாண்ட் செய்ய உட்கார்ந்தாள். ஊருக்கெல்லாம் செய்தவள், மகள் வீட்டுக்குச் செய்யாமல் இருப்பாளா?

நான் ஒரு மத்தியானம் ரவிக்கை கொடுக்கப் போனபோது கீழே உட்கார்ந்து உயரமான பைப்பில் வளையல் நுழைத்துக்கொண்டிருந்தாள். சிவப்பு, பச்சை, உச்சியில் மயில்கழுத்துக் கலர். பக்கத்தில் ஆஸ்பத்திரிப் பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் கவர்.

"லோகு, இது எந்த வளையலு?"

அவள் பசை ஒரு சொட்டு வைத்து வளையலை அழுத்தினாள்.

"ஆத்துல விட்டேன்னு சொன்ன?"

"ஆத்தாண்ட வரைக்கும் போனேன்க்கா. கை வரல."

"அதுக்கு? இத அவ வூட்ல கொண்டுபோயி வைப்பியா? உனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"எத்தன பேரு வாழ்த்திப் போட்டது இது. அந்த வாழ்த்து எங்க போவும்? அது அவளாண்டதான் இருக்கணும். அவ அடுப்பாண்ட இருந்தா அடுத்தது நல்லபடியா நிக்கும்" என்றாள். "கண்ணாடி வளையலு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். அவளுக்குத் தெரியாது."

எனக்கு வந்த கோபத்தில் பழசெல்லாம் வெளியே வந்துவிட்டது. "எங்கையில கெடந்தது ஆவாது, இது ஆவுமா?" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. "நான் வேற இன்னாக்கா செய்வேன்? பேசுனா பேச மாட்டேன்றா. தொட்டா நவுந்துக்கிறா. எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்" என்றாள். அதற்குமேல் என்னால் திட்ட முடியவில்லை. ரவிக்கையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பால் காய்ச்சுகிற அன்று லோடு ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து போனோம். பின்னால் பீரோ, அண்டா, குண்டான். கரண்டி ஸ்டாண்டை மட்டும் லோகநாயகி துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஆலப்பாக்கம் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டபோது அதைத்தான் பிடித்தாள். எதிரே இருந்த கம்பியில் அவள் தலை இடித்துக்கொண்டது. புதுச்சத்திரத்தில் டீக்கு நிறுத்தினால் இறங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

புது வீடு சின்னதாக, சுத்தமாக இருந்தது. பெயிண்ட் வாசனை போகவில்லை. பால் பொங்கியது, எல்லோரும் சிரித்தார்கள், எழிலனின் அம்மா சாமி படத்துக்குப் பூ போட்டாள். வெண்மதி இளைத்திருந்தாள். அம்மாவை "வாம்மா" என்று கேட்டாள், வாசற்படியைப் பார்த்துக்கொண்டு. கூட்டம் கூடத்தில் இட்லி சாப்பிட உட்கார்ந்ததும், சமையலறையில் நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தோம். வெண்மதி, அவள் அம்மா, சாம்பார் வாளியோடு நான்.

லோகநாயகி துண்டைப் பிரித்து ஸ்டாண்டை மேடைமேல் வைத்தாள். "உனக்குத்தான் பண்ணேன்" என்றாள். ஒரு குழந்தை பரீட்சைப் பேப்பரை நீட்டுகிற மாதிரி இருந்தது அவள் நின்ற விதம்.

வெண்மதி குழம்புக் கரண்டியை எடுத்து உயரமான பைப்பில் போட்டாள். தோசைத் திருப்பியைப் போட்டாள். அடுத்த கரண்டியை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. மயில்கழுத்துக் கலர் வளையலை ஒரு விரலால் தடவினாள். அம்மாவுக்கு வேண்டுமானால் எல்லா வளையலும் ஒன்றாக இருக்கலாம். புருஷன் வாங்கிக் கொடுத்து, மாமியார் திட்டி, ஊரே சிரித்த வளையல், போட்டுக்கொண்டவளுக்கு மறக்குமா?

"இது என்னுதுதானே?" என்றாள்.

லோகநாயகி பிரித்த துண்டை மடிக்க ஆரம்பித்தாள்.

"ஆத்துல விட்டாச்சுன்னு சொன்ன."

"மனசு வரலடி."

வெண்மதி கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஸ்டாண்டை அப்படியே தூக்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினாள். கரண்டிகள்தான் சத்தம் போட்டன. கரண்டிகளை எடுத்து மேடையில் வைத்துவிட்டு மறுபடியும் குலுக்கினாள். பசை கெட்டியாகப் பிடித்திருந்தது. ஒரு வளையல்கூட அசையவில்லை.

"அவ கேட்டது இந்தச் சத்தம் ஒண்ணுதாம்மா" என்றாள். "தெனம் குலுக்கிக் காட்டுவேன். ஒதைப்பா. நீ வச்சிருந்தின்னா எங்கிட்டயே குடுத்திருக்கலாமே. எதுக்கு ஒட்டின?"

லோகநாயகி அழ ஆரம்பித்தாள். "எடுத்துர்றேன்டி. வெந்நியில வச்சா பச விட்டுக்கும். இப்பவே எடுத்துர்றேன்" என்று ஸ்டாண்டைப் பிடித்தாள். வெண்மதி விடவில்லை. அம்மாவின் கையை எடுத்துவிட்டு ஸ்டாண்டைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தாள். அப்புறம், ஒரு வருஷமாக மூடி வைத்ததைக் கேட்டாள்.

"பாப்பா எப்டி இருந்துச்சும்மா? இப்பவாவது சொல்லு."

கூடத்தில் யாரோ சட்னி கேட்டுக் குரல் கொடுத்தார்கள். நான் நகரவில்லை. சொல்லிவிடு லோகு, சொல்லித் தொலை என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். இதற்குத்தானே ஒரு வருஷமாகத் தவிக்கிறாய். பெண் வாய் திறந்து கேட்கிறாள், சொன்னால் சரியாகிவிடும்.

லோகநாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருந்துச்சுடி" என்றாள். "செவப்பா... உன்ன மாதிரியே. தல நெறைய முடி. தூங்குற மாதிரிதான் இருந்துச்சு."

வெண்மதி கேட்டுக்கொண்டே நின்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முடிந்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"போன வாரம் அப்பா சாமான் எறக்க வந்தாரு. வண்டியிலயே ஒக்காந்து அவரக் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. அப்பறம் சொன்னாரு. தலையில முடியே இல்லம்மா. லேசா பூன மயிரு மாதிரிதான்."

லோகநாயகி சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பாக்கவே இல்லையா?" என்றாள் வெண்மதி.

நான், கூட்டம், உறவு, எல்லோரும் தாய்க்காரி பார்த்துவிட்டுத்தான் மகளுக்குக் காட்டாமல் விட்டாள் என்று நினைத்திருந்தோம். லோகநாயகி தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"நர்சு வந்து பாக்குறீங்களாம்மான்னு கேட்டா" என்றாள். "நான் சொவத்துப் பக்கம் திரும்பிக்கினேன். பாத்தா என் உசுரு போயிடும்னு பயமா இருந்துச்சுடி. உங்கப்பாதான் கையில வாங்குனாரு. உனக்கு வாணாம்னு சொன்னதுகூட... உனக்காகன்னுதான் எல்லாருகிட்டயும் சொன்னேன். எனக்காகத்தான்டி. நீ பாத்துட்டு என்னக் கூப்ட்டுக் காட்டுவியே, அப்ப நானும் பாக்கணுமேன்னு."

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புதுத் தரையில் கோலமாவு ஈரம், அதன் மேலேயே. நான் அந்தப் பெண்ணை எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அன்றைக்கு என் நெஞ்சே கிழிந்தது. வீட்டில் ஒரு பொருளைத் தூக்கிப்போடத் தெரியாதவள், சொந்தப் பேத்தியின் முகத்தை மட்டும் பார்க்காமல் அனுப்பிவிட்டாள். அது இனி எங்கிருந்தும் திரும்பி வராது.

வெண்மதி வெளியே போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் நான் தடுத்திருக்கமாட்டேன். ஆனால் அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு அம்மாவுக்கு எதிரே கீழே உட்கார்ந்தாள்.

"அப்பா இன்னொண்ணும் சொன்னாரு" என்றாள். "வாயி, கண்ணு எல்லாம் யாரு மாதிரின்னு அவருக்குச் சொல்லத் தெரியல. மூக்கு மட்டும் அப்டியே உன் மூக்காம். துண்ட மூடுறப்ப அதத்தான் பாத்தாராம். உங்கம்மா மூக்குடின்னு சொல்லி அழுதாரு."

லோகநாயகி போட்ட சத்தத்தில் கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. எழிலன் ஓடி வந்தான். பின்னால் கொளஞ்சியப்பன் சாப்பிட்ட கையோடு வந்து நின்றார். நான் கையைக் காட்டி அவர்களை வாசலிலேயே நிறுத்தினேன்.

ஒரு வருஷமாகச் சுவரைப் பார்த்துச் சோறு போட்டவள், இரண்டு கையாலும் அம்மாவின் முகத்தைப் பிடித்து நிமிர்த்தினாள். மூக்குக்கு நேராகக் குனிந்து பார்த்தாள். லோகநாயகியின் முகம் அழுகையில் கோணிக்கொண்டே போனது. வெண்மதி தன் முந்தானையை எடுத்து அதைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"அழாதம்மா" என்றாள். "கொஞ்ச நேரம் அழாம இரு. நீ அழுதா எனக்கு அவ மூக்கு தெரிய மாட்டேங்குது."